என் லாகினில் எடை வருகிறது, கவுண்டரில் 10013 என்று பிழை வருகிறது

பீன்யா_எடைமேடை | திங்கள், காலை 11:20

வணக்கம். பெங்களூரு பீன்யா 2ஆம் கட்டத்தில், தகடு வெட்டி வளைக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். படித்தது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர். கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது சர்வர் அறைச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் அந்த வேலையும் என் தலையில்.

விண்டோஸ் சர்வர் 2019 ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஏழு பேர். எல்லோரும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக (தங்கள் கம்ப்யூட்டரிலிருந்தே சர்வரின் திரையைத் திறந்து) அதற்குள் போய்த்தான் வேலை செய்கிறார்கள். சரக்கு அனுப்பும் கவுண்டரில் 500 கிலோ எடைமேடை. அதிலிருந்து வரும் சீரியல் கம்பி ஒரு மாற்றிப் பெட்டிக்குள் போகிறது. அந்தப் பெட்டி எடையை நெட்வொர்க் வழியாக சர்வரின் 5005ஆம் போர்ட்டுக்கு, அதாவது அந்த எண் போட்ட நெட்வொர்க் வாசலுக்கு, அனுப்புகிறது. கவுண்டர்காரர் சலான் மென்பொருளில் 'எடை எடு' என்பதை அழுத்தினால் எண் வந்து விழ வேண்டும். மென்பொருள் சர்வரிலேயே இருக்கிறது. சலான்கள் மட்டும் என்ஏஎஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி), இசட் டிரைவாகத் தெரியும் இடத்தில் சேர்கின்றன.

மூன்று வாரமாக அந்தப் பொத்தானை அழுத்தினால் எடைக்குப் பதில் ஒரு வாக்கியம் வருகிறது. பிழை 10013: 'ஒரு சாக்கெட்டை, அதன் அணுகல் அனுமதிகள் தடைசெய்யும் விதத்தில் அணுக முயற்சி நடந்தது.' ஆங்கிலத்தில் இருப்பதை நான்தான் தமிழாக்கியிருக்கிறேன். ஆங்கிலத்தில் படித்தாலும் இதே அளவுதான் புரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு வேலை செய்கிறது. போன மாதம் எடைமேடைக்கு முத்திரை வைக்க வந்தபோது, மென்பொருள் தந்தவர்களின் ஆளும் கூட வந்து 'எடை சோதிப்பான்' என்று ஒரு சிறிய புரோகிராமைப் போட்டுக் கொடுத்தார். தினமும் காலை 8 மணிக்கு மேடையில் 20 கிலோ எடைக்கல்லை வைத்து, என் லாகினில் அதைத் திறந்து பார்ப்பேன். 20.00 என்று அசையாமல் நிற்கும். திருப்தியாக மூடிவிட்டு ஷாப் பக்கம் போய்விடுவேன். 9:30க்குக் கவுண்டர்காரர் வந்து அழுத்தினால் பிழை. நான் அட்மினிஸ்ட்ரேட்டர், அவர் சாதாரணப் பயனர். ஆக அனுமதிக் கோளாறுதான் என்று முடிவு கட்டினேன்.

அவரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் சேர்த்தேன்; ஒரு மாற்றமும் இல்லை. மென்பொருளை வலது கிளிக் செய்து 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று கொடுத்தேன். அதே பிழை, போதாததற்கு 'இசட் டிரைவ் இல்லை' என்று புதிதாக ஒன்று. ஃபயர்வாலில் 5005க்கு வழி திறந்தேன்; பயனில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் அன்று முழுக்க ஓடுகிறது. ஆனால் காலை பத்து மணிக்கு ரீஸ்டார்ட் என்றால் மற்ற ஆறு பேரும் வெளியே விழுகிறார்கள். கணக்குப் பிரிவு அக்கா இரண்டு முறை பொறுத்தார். மூன்றாம் முறை ஜி.எஸ்.டி. வேலை பாதியில் போனதும் நேராக முதலாளி அறைக்குப் போய்விட்டார்.

இன்னொன்று. போன வாரம், முந்தின மாலை லாக் ஆஃப் செய்துவிட்டு, தங்கை மகள் வளைகாப்புக்கு இரண்டு நாள் கிருஷ்ணகிரி போயிருந்தேன். அந்த இரண்டு நாளும் பிழையே இல்லையாம். 'நீங்கள் வராவிட்டால் எல்லாம் நன்றாக நடக்கிறது சார்' என்று கவுண்டர்காரர் கன்னடத்தில் சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்.

இப்போது எடையைக் கையால் எழுதுகிறோம். சனிக்கிழமை 318 என்பது 381 ஆகிவிட்டது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜாலஹள்ளி_ஜெட் | திங்கள், காலை 11:48

ஃபயர்வாலை முழுவதும் அணைத்துவிடுங்கள். யூஏசி என்று ஒன்று இருக்கும் (அட்மினிஸ்ட்ரேட்டர் வேலைக்கு முன் உறுதி கேட்கும் விண்டோஸ் காவல்), அதையும் கீழே இறக்கிவிடுங்கள். மென்பொருள் இருக்கும் ஃபோல்டருக்கு 'எவ்ரிஒன்' குழுவை முழு அனுமதியோடு சேருங்கள். எங்கள் அலுவலகத்தில் ஐந்து வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

செம்பூர்_ஓய்வூதியர் | திங்கள், பிற்பகல் 1:05

தம்பி, மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். பிழை அப்படியே இருக்கும், பூட்டு மட்டும் போய்விடும்.

பம்பாயில் முப்பது வருடம் சர்வர் அறைகளில் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கவுண்டர்காரர் விளையாட்டுக்குச் சொன்னதுதான் விடை. நீங்கள் வராத நாளில் ஓடுகிறது. ஏன் என்று யோசியுங்கள்.

10013 என்ற எண்ணில் 'அனுமதி' என்ற சொல் இருப்பதால் எல்லோரும் பயனர் கணக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். கோப்பு, ஃபோல்டர் மறுப்புக்கு வரும் எண் 5. இது வின்சாக், அதாவது விண்டோஸின் நெட்வொர்க் பகுதி, தரும் எண். நெட்வொர்க் போர்ட்டைப் பிடிக்கப் போனபோது கிடைத்த மறுப்பு. விண்டோஸில் 5005 போன்ற ஒரு போர்ட்டில் காது கொடுத்து உட்கார அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்க வேண்டியதே இல்லை. ஆகவே கவுண்டர்காரருக்கு எந்தப் பதவி கொடுத்தாலும் இந்தப் பிழை நகராது. நகரவும் இல்லை, பாருங்கள்.

ஒரு போர்ட்டை ஏற்கெனவே ஒரு புரோகிராம் வைத்திருந்தால், இரண்டாவதாக வருவதற்குப் பெரும்பாலும் 10048 கிடைக்கும்: 'முகவரி பயன்பாட்டில் உள்ளது.' அது வந்திருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆனால் முதலில் பிடித்த புரோகிராம் 'எனக்கு மட்டும்' என்று தனியுரிமையோடு பிடித்திருந்தால், பின்னால் வருவதற்கு 10013 வரக்கூடும். ஒரே பெஞ்சுதான்; ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். 'இடமில்லை' என்று சொல்லாமல் 'உனக்கு அனுமதி இல்லை' என்கிறார், அவ்வளவே.

யார் உட்கார்ந்திருப்பது? என் சந்தேகம் உங்கள் எடை சோதிப்பான் மேல். 'மூடிவிட்டு ஷாப் பக்கம் போய்விடுவேன்' என்கிறீர்களே, எதை மூடுகிறீர்கள்? ரிமோட் டெஸ்க்டாப் சன்னலின் மேல் பட்டையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்துகிறீர்களா? அது வெளியே வருவது அல்ல. உங்கள் திரையை மட்டும் துண்டித்துவிட்டு உள்ளே எல்லாவற்றையும் ஓடவிட்டுப் போவது. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம், உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. நீங்கள் முறையாக லாக் ஆஃப் செய்யும் வரை சர்வரில் உங்கள் அமர்வு உயிரோடு இருக்கும், சோதிப்பானும் இருக்கும், 5005உம் அதன் பிடியில் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் உங்கள் அமர்வு சாகிறது, போர்ட் விடுபடுகிறது, அன்று நீங்கள் மறுபடி சோதிப்பதில்லை, ஆகவே ஓடுகிறது.

நாளை காலை வழக்கம்போலவே எல்லாம் செய்யுங்கள். பிழை வந்ததும் சர்வர் அறைக்குப் போய், அங்கே உள்ள திரையில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற மூலக் கணக்கில் நுழையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்தால் காலையில் விட்டுப் போன அமர்வே திரும்ப வந்துவிடும், தடயம் கலைந்துவிடும்.

கட்டளைச் சன்னலைத் திறந்து (கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்) முதலில் 'குவெரி யூசர்' கொடுங்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், எந்த அமர்வு எண், துண்டிக்கப்பட்டவர் யார் என்று வரும். துண்டிக்கப்பட்டவருக்கு நேரே 'டிஸ்க்' என்று இருக்கும். பிறகு 'நெட்ஸ்டாட்', இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதோடு ஒட்டி ஏ, என், ஓ. நீண்ட பட்டியல் வரும். அதில் 5005 என்று முடியும், 'லிசனிங்' என்று சொல்லும் வரியைத் தேடுங்கள். கடைசி நெடுவரிசையில் இருக்கும் எண் அந்தப் புரோகிராமின் அடையாள எண். டாஸ்க் மேனேஜரில் 'டீடெயில்ஸ்' பகுதியில் அதே எண்ணைத் தேடினால் புரோகிராமின் பெயரும், அதைத் திறந்தவர் பெயரும் பக்கத்திலேயே இருக்கும்.

அந்த எண்ணுக்கு யாருமே இல்லை, 5005ஐ எவரும் பிடித்திருக்கவில்லை என்று வந்தால் என் ஊகம் தவறு. அப்போது அந்த போர்ட்டை விண்டோஸே ஒதுக்கி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஹைப்பர்-வி (ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டும் வசதி) போட்ட சர்வர்களில் அப்படி நடப்பதுண்டு. அது வேறு கதை, தேவைப்பட்டால் எழுதுகிறேன்.

பீன்யா_எடைமேடை | செவ்வாய், காலை 10:31

ஐயா, மானம் போயிற்று.

காலை 8:10க்குக் கல்லை வைத்தேன், 20.00 பார்த்தேன், சோதிப்பானை மூடினேன், பட்டையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினேன். ஆமாம், அதைத்தான் அழுத்துகிறேன், இத்தனை நாளும். 9:35க்குக் கவுண்டரில் பிழை. சர்வர் அறைக்கு ஓடினேன். 'குவெரி யூசர்' கொடுத்ததும் ஒன்பது வரிகள். ஏழு பேருக்கும், நான் நுழைந்திருந்த மூலக் கணக்குக்கும் 'ஆக்டிவ்'. ஒன்பதாவது வரியில் என் பெயர், நேரே 'டிஸ்க்'. நெட்ஸ்டாட்டில் 5005, கடைசியில் 6120. டாஸ்க் மேனேஜரில் 6120 என்பது எடை சோதிப்பான். பயனர்: நான்.

நான் சோதிப்பானையும் மூடிவிட்டுத்தானே வந்தேன் என்று முதலில் நம்பவில்லை. என் லாகினில் நுழைந்து பார்த்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறிக்குள் தராசுப் படம் போட்ட ஐகான் ஒளிந்துகொண்டிருக்கிறது. அதன் மூடும் பொத்தானை அழுத்தினால் அது மூடுவதில்லை, அங்கே போய்ப் பதுங்குகிறது. வலது கிளிக் செய்து 'வெளியேறு' கொடுத்தேன். அங்கிருந்தே கவுண்டருக்கு இன்டர்காமில் சொன்னேன். மாற்றிப் பெட்டியின் பச்சை விளக்கு அணைந்து மூன்று முறை சிமிட்டியதாம். 'எடை எடு' அழுத்தினார், 212.40 வந்துவிட்டது. ரீஸ்டார்ட் இல்லை, கணக்கு அக்காவுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலேயே இருக்கட்டும்.

'எனக்கு மட்டும் வேலை செய்கிறது' என்று மூன்று வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை செய்ததால்தான் அவருக்குச் செய்யவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கியபோது இசட் டிரைவ் ஏன் காணாமல் போனது? அதிகாரம் கூடினால் கூடுதலாகத் தெரிய வேண்டாமா?

ஒயிட்ஃபீல்டு_இரவுப்பணி | செவ்வாய், பிற்பகல் 12:15

இதை நான் சொல்கிறேன், ஐயா சாப்பிடப் போயிருப்பார்.

யூஏசி இயங்கும் சர்வரில் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் உள்ளவர் நுழையும்போது விண்டோஸ் அவருக்கு இரண்டு அடையாளச் சீட்டுகளை எழுதுகிறது: அன்றாட வேலைக்குச் சாதாரணச் சீட்டு ஒன்று, முழு அதிகாரச் சீட்டு ஒன்று. நெட்வொர்க் டிரைவ் இணைப்பு சீட்டோடு ஒட்டியது. இசட் என்பது சாதாரணச் சீட்டில் இணைக்கப்பட்டது. 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்றதும் புரோகிராம் இரண்டாவது சீட்டோடு ஓடுகிறது. அந்தச் சீட்டில் யாரும் இசட்டை இணைக்கவில்லை. அதிகாரம் கூடியது, வீடு மாறிவிட்டது.

ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகளின் பட்டியல்) 'எனேபிள் லிங்க்டு கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்தால் இரண்டு சீட்டுக்கும் டிரைவ் தெரியும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. அந்த மென்பொருளை அப்படி இயக்கவே வேண்டாம். டிரைவ் எழுத்தை நம்பியிருப்பதும் வேண்டாம். அமைப்பில் இடம் இருந்தால் இசட்டுக்குப் பதில் என்ஏஎஸ் பெட்டியின் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

அதைவிட முக்கியம்: கவுண்டர்காரரை இன்றே அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவிலிருந்து எடுங்கள். ஏழு பேர் பகிரும் சர்வரில் அவர் தவறுதலாக ஒரு கோப்பைத் திறந்தால் ஏழு பேருடைய வேலையும் போகும். எடுத்த பிறகு அவரை முறையாக லாக் ஆஃப் செய்து மறுபடி நுழையச் சொல்லுங்கள். குழு மாற்றம் நுழையும் நேரத்தில்தான் சீட்டில் ஏறும். துண்டித்து மறுபடி இணைந்தால் பழைய சீட்டுதான், பழைய அதிகாரம்தான்.

பீன்யா_எடைமேடை | செவ்வாய், மாலை 4:50

நன்றி சார். எடுத்துவிட்டேன், லாக் ஆஃப் செய்யவும் வைத்தேன். 'பதவி கொடுத்து ஒரு வாரத்தில் பிடுங்கிவிட்டீர்களே' என்றார்.

தொல்லை கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், இதுவும் அனுமதி சம்பந்தப்பட்டதா என்று தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்பு கம்பெனி பக்கத்துத் தெருவுக்கு இடம் மாறியது. மென்பொருளின் அமைப்புத் திரையில் என் லாகினில் புது முகவரியை மாற்றிச் சேமித்தேன், பிழை எதுவும் வரவில்லை. என் லாகினில் சலான் அடித்தால் புது முகவரி. கவுண்டரில் அடித்தால் பழையது. இ-வே பில்லில் ஒரு முகவரி, சலானில் இன்னொரு முகவரி என்று லாரி கிளம்பினால் வழியில் நிறுத்துகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? ஒவ்வொரு சலானிலும் பேனாவால் அடித்துத் திருத்துகிறோம்.

ஒயிட்ஃபீல்டு_இரவுப்பணி | செவ்வாய், இரவு 9:20

சார் இல்லை, அக்கா. பரவாயில்லை.

இதுவும் அனுமதிதான், ஆனால் இந்த முறை விண்டோஸ் மறுக்காமல் ஏமாற்றியிருக்கிறது. மென்பொருள் பழைய 32 பிட் வகை, 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் தன் அமைப்புக் கோப்பை வைத்திருக்கிறது, சரிதானே? அங்கே எழுதச் சாதாரணச் சீட்டுக்கு அனுமதி இல்லை. பழைய மென்பொருள்கள் இதில் மொத்தமாகச் செயலிழந்துவிடக் கூடாது என்று, விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. எழுதவிட்டதுபோல் காட்டி, கோப்பின் ஒரு நகலை அந்தப் பயனரின் சொந்த இடத்தில் வைத்துவிடுகிறது. அடுத்த முறை அவர் திறந்தால் அவருக்கு அந்த நகலைக் காட்டுகிறது. நீங்கள் முகவரியை மாற்றியது உங்கள் நகலில். கவுண்டர்காரர் படிப்பது மூலக் கோப்பை, அல்லது அவருடைய சொந்த நகலை.

சி டிரைவில் 'யூசர்ஸ்', அதற்குள் உங்கள் பெயர், 'ஆப்டேட்டா', 'லோக்கல்', அதற்குள் 'விர்ச்சுவல்ஸ்டோர்'. ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே மென்பொருளின் பெயரில் ஃபோல்டர் இருந்தால் நான் சொன்னது சரி. எல்லோரும் மென்பொருளை மூடிய நேரமாகப் பார்த்து, சர்வர் அறையில் மூலக் கணக்கில் நுழைந்து உண்மையான கோப்பில் முகவரியை மாற்றுங்கள். பிறகு ஒவ்வொருவருடைய விர்ச்சுவல்ஸ்டோரிலும் அந்தக் கோப்பின் நகல் இருந்தால் பெயரை மாற்றி வையுங்கள். அழிக்காதீர்கள்; அதில் பிரின்டர் போன்ற அவரவர் அமைப்பு ஏதாவது இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஜாலஹள்ளி_ஜெட் | செவ்வாய், இரவு 9:41

நான் சொன்னபடி எவ்ரிஒன் முழு அனுமதி கொடுத்திருந்தால் இந்த முகவரிப் பிரச்சினை வந்திருக்காது என்பதையும் பதிவு செய்கிறேன்.

செம்பூர்_ஓய்வூதியர் | செவ்வாய், இரவு 10:02

அந்த ஒன்றில் அவர் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஃபோல்டரில் புரோகிராம் கோப்பும் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்று ஆகிவிடும். எழுத வேண்டியது ஒரே ஒரு கோப்பு என்றால் அந்தக் கோப்புக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் யாருக்குத் தேவையோ அவருக்கு.

தம்பி, இன்னொன்று. நீங்கள் பெருக்கல் குறியை விட்டுவிட்டாலும் வேறொருவர் அழுத்துவார். குழுக் கொள்கைத் திரையில் (ஆங்கிலத்தில் குரூப் பாலிசி) ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், செஷன் ஹோஸ்ட், அதற்குள் அமர்வு நேர வரம்பு என்று இருக்கும். துண்டிக்கப்பட்ட அமர்வை இத்தனை நேரத்தில் முடித்துவிடு என்று அங்கே சொல்லலாம். முடிக்கும்போது சேமிக்காத வேலை போய்விடும், அதை எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பீன்யா_எடைமேடை | புதன், மாலை 6:35

அக்கா, மன்னிக்கவும். ஐயா, இருவருக்கும் நன்றி.

விர்ச்சுவல்ஸ்டோரில் என் நகல் இருந்தது. கவுண்டர்காரருக்கும் ஒன்று இருந்தது, பழைய முகவரியோடு. இடம் மாறுவதற்கு முன்பே பிரின்டரை மாற்றியிருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் வெளியே வரச் சொல்லி மூலக் கோப்பை மாற்றினேன். இரண்டரை மணிக்குக் கவுண்டரில் அடித்த முதல் சலானில் புது முகவரி. பின்கோடு மட்டும் பழையது, அது என் தட்டச்சுப் பிழை, அதையும் திருத்திவிட்டேன்.

நேர வரம்பை 3 மணி நேரம் என்று வைக்கலாம் என்று அலுவலகத்தில் சொன்னேன். கணக்கு அக்கா எழுந்து நின்றுவிட்டார். அவர் மாலையில் எல்லாவற்றையும் திறந்தபடியே துண்டித்துவிட்டுப் போய், மறுநாள் காலை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவராம். பல வருடமாக அப்படித்தானாம். இப்போதைக்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறேன். சோதிப்பானை என் லாகினில் வைத்திருப்பதையே விட்டுவிட்டேன்: காலையில் கவுண்டர்காரரே கல்லை வைத்து, சலான் மென்பொருளிலேயே 'எடை எடு' அழுத்திப் பார்க்கிறார். இன்று 20.00 வந்தது. நான் கிருஷ்ணகிரியில் இருந்தாலும் வரும் என்கிறார்.